ஆஸ்திரேலியா வரித் தண்டத்துக்கு ஹட்டன்ல அடிக்கிற சத்தியக்கடதாசி

ஆசிரியருக்கு வணக்கம்,

ஹட்டன் டவுன்ல மனு, கடிதம் டைப் பண்ணிக் குடுக்கிற கடை வச்சிருக்கேன். கொஞ்ச காலமா புதுசா ஒரு வேலை வருது. மெல்பர்ன்லயோ சிட்னிலயோ இருக்கிற மகனோட பேங்க் கணக்குல விழுந்த காசை, காட்டாத வருமானம்னு சொல்லி அங்கத்த வரி ஆபீஸ் வரியும் போட்டு அதுக்கு மேல தண்டமும் போட்டிருக்கு, அதனால "அது நான் குடுத்த காசு"ன்னு அப்பா பேர்ல ஒரு சத்தியக்கடதாசி, அதுவும் நாலு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டு அடிச்சுத் தரணுமாம். மாட்டேன்னா கோவிச்சுக்கிறாங்க.

பெத்தவங்க மெய்யாவே அன்பளிப்பா குடுத்த காசு அங்க வருமானமே இல்ல, அது சரிதான். ஆனா அதை நிரூபிக்கிற பொறுப்பு வரி கட்டுறவர் தலையில. வரி ஆபீஸ் கணக்கு பிழைன்னு காட்டினா மட்டும் போதாது, போட்ட தொகை கூடன்னு இவர்தான் காட்டணும்னு 1990லயே டால்கோ வழக்குல அவங்க உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு. வெளிநாட்டு வருமானத்தை சொந்தக்காரர் குடுத்த அன்பளிப்பு, கடன்னு காட்டுறதைப் பத்தி 2021ல வரி ஆபீஸே தனியா எச்சரிக்கை விட்டிருக்கு, அப்ப வெறும் அப்பா கடிதத்தை என்ன கண்ணோட பார்ப்பாங்கன்னு யோசிங்க. பேங்க் வழியா நாட்டுக்குள்ள வர்ற காசு எல்லாம் ஆஸ்ட்ராக்னு காசுப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற ஒரு அரச அமைப்புக்கு ரிப்போர்ட் ஆகுது. பேங்குக்குப் போகாம ஆள் வழியா உண்டியல்ல அனுப்பினவங்க பாடுதான் கஷ்டம், ரசீதுன்னு காட்ட ஒண்ணும் இருக்காது.

போன மாசம் தோட்டத்துல பென்ஷன் ஆன ஒரு ஐயா வந்தார். கையில ஒரு சிலிசிலி பேக், உள்ள ஈபிஎஃப் (சேமலாப நிதி) எடுத்த கடிதம், நகை அடகு வச்ச துண்டு, காணி வித்த உறுதியோட கொப்பி, பேங்க்ல அனுப்பின ஸ்லிப். தேதியும் தொகையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது! அதை எல்லாம் பழைய குப்பைன்னு ஓரமா வச்சிட்டு சத்தியக்கடதாசி அடிங்க தம்பின்னு நிக்கிறார். இன்னைக்குத் தேதி போட்டு, இந்தக் கடதாசிகளை விளக்குற மாதிரி ஒண்ணு அடிச்சு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் குடுத்தேன்.

இன்னொண்ணு, வரி வேற தண்டம் வேற. வரி சரின்னே ஆனாலும் தண்டத்தோட வீதத்தைத் தனியா எதிர்க்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியல. கவனக்குறைவுன்னா, கட்டாம குறைஞ்சுபோன வரித்தொகையில 25 வீதம், பொறுப்பில்லாத்தனம்னா 50, வேணும்னே மறைச்சதுன்னா 75. பத்தாயிரம் டாலர் வரி குறைஞ்சிருந்தா 2,500க்கும் 7,500க்கும் உள்ள வித்தியாசம் அது. சண்டை பிடிக்க வேண்டிய இடமே இதுதான், அங்க போய் தேதி மாத்தின கடதாசியைக் குடுத்தா "வேணும்னே"ங்கிறதுக்கு நாமளே சாட்சி சொன்ன மாதிரி. ஓடிட் வருதுன்னு சொல்றதுக்கு முன்னாலயே தானா போய் சொன்னவங்களுக்கு தண்டத்துல 80 வீதம் குறையும். நுவரெலியாவுல வீட்டு வாடகை, இங்க பிக்ஸட் வட்டி வர்ற பிள்ளைகள் வரிச் சட்டப்படி அங்க வசிக்கிறவர் (வதிவாளர்)னா பொதுவா அதையும் காட்டணும், இங்க கட்டின வரிக்கு அங்க கழிவு கேக்கலாம்.

வரி ஆபீஸ்லயே ஆட்சேபனை போட, தண்ட நோட்டீஸ் கிடைச்சு 60 நாள்னு வச்சுக்கங்க. அதுலயும் தோத்தா 2024 ஒக்டோபர்ல வந்த புது நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம், இல்லாட்டி பெடரல் கோர்ட், அதுக்கும் 60 நாள். ஆட்சேபனைக்கோ தீர்ப்பாயத்துக்கோ நாள் தவறினா காரணம் எழுதி நீடிப்பு கேக்க வழி இருக்கு, ஆனா குடுத்தாத்தான் உண்டு. அதனால கடதாசியை தபால்ல போட்டுட்டு காத்திருக்காம ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க, மகன் அங்க உள்ள டாக்ஸ் ஏஜென்ட்கிட்டயோ லோயர்கிட்டயோ குடுக்கட்டும். பழைய தேதிக்கு மட்டும் என் கடைக்கு வராதீங்க.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர்