மன்னார்க்காரர்களையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்

கூடுதாழையிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் நம் கடற்கரை ஊர்களுக்காகக் காற்று, கடல் நிலவர வாட்ஸ்அப் குழுவை நடத்திவரும் அட்மின் அண்ணன்மாருக்கும், ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இலங்கையின் மன்னார், கற்பிட்டிப் பக்கத்து மீனவர்கள் சிலர் நம் குழுவில் சேரக் கேட்டிருக்கிறார்கள். "வெளிநாட்டு நம்பர் வேண்டாம், வம்பு வரும்" என்று நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அந்த முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். நான் உவரிப் பக்கத்துக்காரன். கம்ப்யூட்டர் வேலையில் இப்போது வெளியூரில் இருக்கிறேன். அப்பாவும் தம்பியும் இன்றைக்கும் நாட்டுப்படகில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். அதனால் குழுவில் வரும் குரல் பதிவுகளைக் கேட்காமல் நான் படுப்பதில்லை.

வங்கக் கடலில் கிளம்பி நம் பக்கம் வருகிற பெரிய காற்றுகளில் பல, இலங்கையைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கைச் சிதைத்துவிட்டு வந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை நொறுக்கிய புயல் மறுநாள் ராமநாதபுரம் கரையில் ஏறியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலை அருகே கரை கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. ஒக்கிப் புயலை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் 2017 நவம்பர் 29 இரவே இலங்கையின் தென்மேற்குக் கரையில் அது மரங்களைச் சாய்த்து, அங்கேயும் மீனவர்களைக் காவு வாங்கிவிட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே அது புயலாக வலுத்தது 30-ஆம் தேதி காலையில்.

பல நாள் தங்கல் தொழிலுக்கு ஏற்கெனவே ஆழ்கடல் போயிருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களை ஒரு வாட்ஸ்அப் செய்தி காப்பாற்றியிருக்காது. கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் அறுந்துவிடுகிறது. நம் தொழில் வேறு. நடுச்சாமத்துக்கு மேல் கிளம்பி அன்றைக்கே கரை திரும்புகிறவர்கள் நாம். வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் கையில் போன் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. அந்த இரவில் இலங்கையின் காலி நகரிலோ நீர்கொழும்பிலோ இருந்து ஒருவர் நம் குழுவில் நாலு வார்த்தை பேசியிருந்தால், விடியுமுன் வள்ளம் தள்ள நின்றவன் ஒரு தரம் யோசித்திருப்பான்.

அரசு அறிவிப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதுதான் அடிப்படை. ஆனால் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்" என்ற வாசகம் அடிக்கடி வந்து வந்து காதுக்குப் பழகிவிட்டது. போன ஐப்பசியில் யாரோ ஒருவருடைய சம்பந்தக்காரர் வழியாக, மன்னார் தீவிலுள்ள பேசாலையிலிருந்து ஒரு குரல் பதிவு நம் குழுவுக்கு வந்தது. "கொண்டல் சரியான உறைப்பா அடிக்குது, நாங்கள் வள்ளமெல்லாம் மேல ஏத்திட்டம்" என்று கீழ்க்காற்றின் வேகத்தைப் பற்றி ஒரு பெரியவர் பேசியிருந்தார். பின்னால் காற்று இரைகிற சத்தம் அவர் குரலுக்கு மேலே கேட்டது. என் தம்பி அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. காலையில் பார்த்தால் அந்தப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது, வெளிநாட்டுச் செய்தி என்ற காரணத்துக்காக. கொண்டல், கச்சான், வாடை என்று நாம் சொல்கிற அதே பெயர்களில் காற்றைச் சொல்லத் தெரிந்தவர்களை நாம் வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "நம் ஆட்களைப் பிடித்துச் சிறையில் போடுகிற நாட்டுக்காரனோடு நமக்கு என்ன பேச்சு?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். அந்தக் கோபம் நியாயமானது. ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் படகையும் பறிகொடுத்து, புருஷனையும் சிறையில் விட்டுவிட்டு நிற்கிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பிடிப்பது கடற்படை. குழுவில் சேரக் கேட்பது வள்ளக்காரர்கள். அவர்களுக்கு நம் நாட்டின் மேல் இருக்கிற மனத்தாங்கல் எது? விசைப்படகுகள் இழுவைமடி போட்டுக் கடலடியை வழித்துக்கொண்டு போகின்றன, அவர்கள் விரித்த வலையையும் அறுத்துக்கொண்டு போகின்றன என்பதுதான். அண்ணன்மாரே, இது நம் புகார்தானே? கூத்தங்குழியிலும் இடிந்தகரையிலும் விசைப்படகு கரைக்குக் கிட்ட வந்து வலையை அறுத்துவிட்டது என்று எத்தனை தரம் மறியல் செய்திருக்கிறோம்! இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. 2014-இல் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் உட்கார்ந்து பேசியபோதும் இந்த இழுவைமடிப் பிரச்சினைதான் பெரிதாக நின்றது. நாட்டுப்படகுக்காரன் குரல் இந்தப் பேச்சுகளில் சரியாகக் கேட்கவே இல்லை என்பது என் எண்ணம். மன்னார்க்காரர்களுக்கும் நமக்கும் இடையில் கோடு இருக்கிறது, சரி. தொழிலில் நாம் ஒரே பக்கம் நிற்கிறோம்.

எதிரி நாட்டுக்காரனைப் பேச்சில் சேர்க்கலாமா என்ற இந்த வாக்குவாதம் என் தொழிலில் ஏற்கெனவே ஒரு முறை நடந்து முடிந்தது. 1979-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையை உண்டாக்கினார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம். 1984 ஏப்ரல் 1 அன்று, சோவியத் தலைவர் செர்னென்கோவே அந்த வலையில் வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் பீர்டெமா என்பவர் செய்த முட்டாள்கள் தின வேலை அது. நடக்கவே நடக்காது என்பதால்தான் அது வேடிக்கையாக இருந்தது. ஆறே வருஷத்தில், 1990-இல், மாஸ்கோக்காரர்கள் நிஜமாகவே வந்து சேர்ந்தார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் தொலைக்காட்சியையும் வானொலியையும் கையில் எடுத்துக்கொண்டபோது, தெருவில் என்ன நடக்கிறது என்ற செய்தி ரெல்காம் என்ற அவர்களுடைய கம்ப்யூட்டர் வலை வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. அவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அந்தச் செய்தியைக் கேட்கக் காது இருந்திருக்காது.

காற்று விஷயத்தில் அரசாங்கங்களே இப்படித்தான் நடந்துகொள்கின்றன. வானிலை விவரங்களைப் பனிப்போர் நடந்த காலத்திலும் அமெரிக்காவும் ரஷ்யாவும் பகிர்ந்துகொண்டுதான் இருந்தன. நம் கடல்களின் புயல்களுக்குப் பெயர் வைக்கிற நாடுகள் கூட்டாகப் பட்டியல் போடுகின்றன. 2016-இல் சென்னையை அடித்த வர்தாவுக்குப் பெயர் தந்தது பாகிஸ்தான், 2018-இல் டெல்டாவைப் புரட்டிய கஜாவுக்குப் பெயர் தந்தது இலங்கை. டெல்லியில் உட்கார்ந்து பாகிஸ்தானோடு புயலைப் பற்றிப் பேசலாம் என்றால், உவரியிலிருந்து பேசாலையோடு பேசுவதில் என்ன தப்பு? கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் வருஷா வருஷம் இரண்டு கரைச் சனமும் ஒரே பூசையில் நிற்கிறது.

போலீஸ் பயம் மட்டும் லேசான விஷயமில்லை. அதை நான் தள்ளிப் பேசமாட்டேன். இந்தக் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் பீடி இலையும் வேறு சரக்கும் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு போலீசின் கியூ பிரிவு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. பக்கத்திலேயே கூடங்குளம் அணு உலை இருக்கிறது. ஒருவன் செய்கிற தப்புக்கு ஊரே ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிவரும் என்று கமிட்டி பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அதனால்தான் இதை ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டாம் என்கிறேன். கடலோரக் காவல் குழுமத்துக்கும் மீன்வளத்துறைக்கும் முதலிலேயே எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சரி என்ற பிறகே தொடங்குவோம். அவர்கள் ஆள் ஒருவரைக் குழுவிலேயே வைத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள குழுவில் கல்யாணச் செய்தி, மீன் விலை, சண்டை எல்லாம் இருப்பதால் அதைத் தொட வேண்டாம். காற்றுக்கும் கடலுக்கும் மட்டும் தனிக் குழு போடுவோம். அங்கே பங்குச்சாமியோ மீனவர் சங்கமோ இன்னார் என்று சொல்லி அனுப்புகிற ஆட்களை மட்டும், சொந்தப் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டுச் சேர்ப்போம். படகு நிற்கிற இடம், கடற்படைக் கப்பல், ரோந்து பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. வியாபாரம் கூடாது, பார்வேர்டு வீடியோ கூடாது. எல்லைத் தகராறும் கச்சத்தீவு யாருக்கு என்பதும் அங்கே வேண்டாம். அதைப் பேச வேறு இடம் இருக்கிறது. மீறினால் எந்தக் கரைக்காரனாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே.

இரவில் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பீர்கள். நான் இருக்கிறேன், என்னைப் போல வெளியூர் வேலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள் இன்னும் சிலரும் முறை போட்டுப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். காசு எதுவும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவம் ஐப்பசியில் பிடித்துவிடும். அதற்குள் மன்னார், பேசாலை, கற்பிட்டியிலிருந்து ஊருக்கு இரண்டு பேரையாவது சேர்த்துவிட வேண்டும். வருகிற ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடும்போது இதை எடுங்கள். காவல் குழுமத்துக்கான கடிதத்தையும் குழு விதிகளையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உவரிப் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவரின் மகன்