செயலி வழி சுகாதார ஆய்வு நடத்துவோருக்குக் குமரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். சர்க்கரை, பிரஷர், மனநலம் என்று கைப்பேசிச் செயலி மூலம் ஆய்வு செய்ய எங்கள் மாவட்டத்துக்கு வருகிறீர்கள். வாருங்கள். கடற்கரை ஊர்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் யாருக்கு என்ன நோய், ஏன் வருகிறது என்று தெரிந்தால் எங்களுக்குத்தான் நல்லது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிற நான், எங்கள் பெண்களை இதில் சேரச் சொல்லிக் களப் பணியாளர்களோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"பெயரை எடுத்துவிடுவோம், வெறும் எண்தான் இருக்கும்" என்கிறீர்கள். பெரிய நகரத்தில் அது ஓரளவு போதுமோ என்னவோ, எங்கள் ஊர்களில் போதாது. பெண், வயது 58, கணவர் இல்லை, தலைச்சுமையாக மீன் விற்பவர், இன்சுலின் போடுகிறவர் என்று ஒரு வரி இருந்தால் கடியப்பட்டணத்திலோ குறும்பனையிலோ அது யார் வீட்டு அம்மா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. 1990களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, அந்த மாநில ஆளுநரின் பதிவையே எடுத்துக் காட்டினார். எனவே ஊர்ப் பெயரும் பின்கோடும் வேண்டாம். எங்கள் 9 ஒன்றியங்களில் எது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கிற பட்டியல் வேறொரு இடத்தில், வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும்.

அடுத்தது இருப்பிடம். நடையைக் கணக்கிடும் செயலி ஜிபிஎஸ்ஸை எப்போதும் திறந்து வைக்கச் சொல்கிறது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் அந்தக் கைப்பேசியோடுதான் கடலுக்குப் போகிறார். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கரை திரும்பியதும் மொத்தப் பாதையும் உங்கள் சர்வருக்குப் போய்விடும். மீன் கிடைக்கும் இடத்தை அவர் பக்கத்து விசைப்படகுக்காரரிடம்கூடச் சொல்லமாட்டார். அது அவருடைய பிழைப்பு. எத்தனை அடி நடந்தார் என்று அறிய அவர் எங்கே வலை போட்டார் என்பது எதற்கு? தொடர்பு எண்கள், புகைப்படங்கள் என்று செயலி கேட்கிற மற்ற அனுமதிகளும் அப்படித்தான். ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லாததை வாங்கவே வேண்டாம்.

ஒப்புதல் வாங்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நீளமான ஆங்கிலப் பக்கம், அடியில் ஒரு பொத்தான். வயதான ஒரு அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிக் களப் பணியாளரே அதை அழுத்தியதை நான் நேரில் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கும் அன்றைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை ஒன்று இருந்தது, அதனால் அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். பொத்தான் வந்துவிட்டதால் இந்த விதி மாறிவிடவில்லை.

அப்புறம், பல வீடுகளில் போன் அந்தப் பெண்ணுடையது அல்ல, மகனுடையதோ மருமகளுடையதோ. "மனச்சோர்வுக் கேள்விகளுக்கு இன்று பதிலளிக்கவில்லை" என்று திரையில் தகவல் வந்தால் முதலில் படிப்பது யார்? கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற வீட்டில் இது என்ன செய்யும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூட்டிய திரையில் நோயின் பெயர் தெரியக் கூடாது. களப் பணியாளர்கள் எக்செல் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் நிற்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு தந்திருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். தந்திருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுக்கப்பட்ட தரங்களின்படி கையாள வேண்டும். உங்கள் செயலி ஒருவரின் அளவுகளைப் பார்த்து "மருந்தை மாற்றுங்கள்" என்று அவருக்கே சொன்னால், அது அவரைப் பற்றிய முடிவுதானே? அதன் பிறகு அந்த விலக்கை எப்படிக் காட்டுவீர்கள்? அதே சட்டம், ஒப்புதல் கேட்கும்போது தரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதிலும் பெறும் வசதி வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. செயலியை அழித்துவிட்டால் சர்வரில் இருப்பதும் அழியும் என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். அப்படியில்லை என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள்.

நெறிமுறைக் குழுவினரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அனுமதி தரும்போது தாள்களை மட்டும் பார்க்காமல், அந்தச் செயலியை ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் போட்டுப் பாருங்கள். அது கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எங்கள் ஊர்களிலிருந்து ஒரு மீனவரையோ ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியையோ கூட்டத்துக்கு அழைத்துக் கருத்துக் கேளுங்கள்.

அடுத்த கட்டச் சேர்க்கை தொடங்கும் முன், தரவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும், விலக நினைத்தால் யாரை அழைப்பது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். அந்தப் பக்கத்தை நானே எடுத்துக்கொண்டு எங்கள் பெண்களிடம் வாசித்துக் காட்டுகிறேன். சம்மதிப்பவர்களைச் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கடற்கரைக் கிராமத்து சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்