ஒரு ஜோடி தவறினால் போதாது

அன்புள்ள மகளுக்கு,

முடிவிலாக் கணங்களின் அளவை ஒப்பிடுவது பற்றி நீ படம் பிடித்து அனுப்பிய நாலு கணக்கையும் பார்த்தேன். விடையை விட நீ போன வழியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நிற்காது. பேனாவோடு உட்கார்ந்து படி.

முதல் கணக்கில் ‘முழுக்கள் இயல் எண்களை விட அதிகம்’ என்று முடித்திருக்கிறாய். 1-க்கு 1, 2-க்கு 2 என்று ஜோடி சேர்த்தால் பூஜ்யமும் குறை எண்களும் மிஞ்சுகின்றன என்பது நீ சொல்லும் காரணம். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பத்து இலை மிஞ்சினால் இலைதான் அதிகம். ஆட்களை எப்படி மாற்றி உட்கார வைத்தாலும் அதே பத்துதான் மிஞ்சும். ஆனால் இந்த உறுதி முடிவுள்ள கணத்துக்கு மட்டும்தான். முடிவிலாக் கணத்தில் மிச்சம் விழுந்தால், நீ எடுத்த அந்த ஒரு ஜோடி சேர்ப்பு தோற்றது, அவ்வளவுதான். மாற்றி உட்கார வை: 0, 1, −1, 2, −2, 3, −3… இரட்டைப்படை இடத்தில் அதன் பாதி. ஒற்றைப்படை இடத்தில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கி, குறை அடையாளம் போடு. 100-வது இடத்தில் 50, 57-வது இடத்தில் −28. யாரும் விடுபடவில்லை, யாரும் இரண்டு முறை வரவில்லை. இரண்டு கணத்துக்கும் ஒரே ஆதி எண், அதாவது ஒரே அளவு.

இதை நோட்டில் பெரிதாக எழுதி வை: இரண்டு கணமும் சமம் என்று காட்ட ஒரே ஒரு ஜோடி சேர்ப்பு போதும். சமமில்லை என்று காட்ட, எந்தச் சேர்ப்பும் தேறாது என்று நிரூபிக்க வேண்டும். வர்க்க எண்களையும் இயல் எண்களையும் ஜோடி சேர்க்கலாம் என்பதை 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். ஆனால் முடிவிலியில் அதிகம், குறைவு, சமம் என்ற பேச்சே செல்லாது என்று அங்கேயே நின்றுவிட்டார். ஜோடி சேர்வதையே சமத்துக்கு இலக்கணமாக வைத்துக்கொண்டு நடந்தவர் ஜெர்மன் கணித மேதை கான்டர்.

இரண்டாவது, மிகை விகிதமுறு எண்களின் பட்டியல். ஒன்றுவிடாமல் வரிசையாகப் பட்டியல் போட்டாலே இயல் எண்களோடு ஜோடி சேர்த்ததாகிவிடும். 1/1, 1/2, 1/3, 1/4… என்று தொடங்கியிருக்கிறாய். அந்த வரிசை தீரவே தீராது, 2/3-க்கு முறை வரவே வராது. தொகுதியையும் பகுதியையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைப்படி போ. 2 என்றால் 1/1. 3 என்றால் 1/2, 2/1. 4 என்றால் 1/3, 3/1 (2/2 ஏற்கெனவே வந்தது, விட்டுவிடு). ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் சில பின்னங்களே உண்டு என்பதால் எந்த வரிசையிலும் மாட்டிக்கொள்ள மாட்டாய். 3/7-இன் கூட்டுத்தொகை 10. அது 29-வது இடத்தில் வரும். எண்ணிப் பார்.

மூன்றாவதுதான் கனமானது: மெய்யெண்களைப் பட்டியல் போட முடியாது என்பது. கான்டர் இதை முதலில் நிரூபித்தது 1874-ல், வேறு வழியில். நீ எழுதிய மூலைவிட்ட முறை 1891-ல் வந்தது. யாரோ ஒருவர் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களும் இதில் இருக்கின்றன என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார் என்று வை:

0.50000…
0.33333…
0.14159…
0.71828…
0.41421…

முதல் எண்ணில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாம் இலக்கம் என்று சாய்வாக இறங்கு: 5, 3, 1, 2, 1. நீ ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டி, 9 வந்தால் 0 போட்டிருக்கிறாய். அங்கேதான் ஓட்டை. பட்டியலின் முதல் எண் 0.3999… என்றும், அதற்குக் கீழே மூலைவிட்டத்தில் வருவதெல்லாம் 9 என்றும் வைத்துக்கொள். உன் புது எண் 0.4000… ஆகிறது. அதுவும் 0.3999…-உம் ஒரே எண்! பட்டியலில் இல்லாததைக் கண்டுபிடித்தேன் என்று நீ நீட்டுவது அதன் முதல் எண்ணையே.

இதற்கு மருந்து சுலபம். 5 இருந்தால் 6 போடு, வேறு எது இருந்தாலும் 5 போடு. மேலே உள்ள பட்டியலுக்கு 0.65555… வரும். 0-உம் 9-உம் புது எண்ணில் வராததால் அதை எழுத ஒரே வழிதான் உண்டு, இரட்டை முகம் இல்லை. ‘அந்தப் புது எண்ணையும் பட்டியலில் சேர்த்துவிட்டால்?’ என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாய். சேர்த்தால் அது வேறு பட்டியல். அதற்கும் இதே முறையில் இன்னொரு எண் பிறக்கும். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் இது வேலை செய்கிறது என்பதுதான் நிரூபணத்தின் உயிர். இதையே விகிதமுறு எண்களின் பட்டியலில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? புது எண் பிறக்கும். ஆனால் அது விகிதமுறா எண்ணாகிவிடும், அதனால் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்த 9-ஆல் தடுக்கியது நீ மட்டுமல்ல. ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகளும் அதன் ஒரு பக்கத்தில் உள்ள புள்ளிகளும் சமம் என்று கான்டர் 1877-ல் இன்னொரு கணித மேதையான டெடெகின்டுக்கு எழுதினார். இரண்டு எண்களின் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கோத்து ஒரே எண்ணாக்குவது அவர் வழி. சில எண்கள் இந்தக் கோப்பில் வரவே வராது என்று டெடெகின்ட் சுட்டிக்காட்டினார். 9-ஆகவே முடிவதை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டால், 0.3191919…-ஐப் பிரித்துப் பார்: 0.3999…, 0.1111… என்று வருகிறது. முதலாவதை நாம் 0.4 என்றல்லவா எழுதுவோம்? கான்டர் தொடர் பின்னங்களைக் கொண்டு நிரூபணத்தைச் சரிசெய்தார். ‘பார்க்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை’ என்று அவர் அதே டெடெகின்டுக்கு எழுதியது இந்த முடிவைப் பற்றித்தான்.

இன்று இதற்குச் சுருக்கு வழி உண்டு. ஒரு கணத்திலிருந்து மற்றதுக்கும், அங்கிருந்து திரும்பி இதற்கும் ஒன்றுக்கொன்றான சார்பு (வெவ்வேறு உறுப்புக்கு வெவ்வேறு விடை தருவது) இருந்தாலே இரண்டும் சமம். கான்டர்–ஷ்ரோடர்–பெர்ன்ஸ்டைன் தேற்றம் இதைத் தருகிறது. நாலாவது கணக்கில், முனைகள் சேர்ந்த இடைவெளியையும் முனைகள் இல்லாத இடைவெளியையும் ஜோடி சேர்க்க இரண்டு பக்கம் திணறியிருக்கிறாய். ஒவ்வொரு எண்ணையும் பாதியாக்கிக் கால் சேர். 0 முதல் 1 வரை உள்ளது 1/4 முதல் 3/4 வரைக்குள் அடங்கிவிடும். திரும்பி வர எண்ணை அப்படியே வைத்தால் போதும். இரண்டே வரி.

கடைசிப் பக்கத்தில், மெய்யெண்களின் அளவு ஆலெஃப்-ஒன்று என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். அதை அடித்துவிடு. இயல் எண்களின் அளவான ஆலெஃப்-பூஜ்யத்துக்கு அடுத்ததுதான் ஆலெஃப்-ஒன்று. அதுவும் மெய்யெண்களின் அளவும் ஒன்றுதானா என்பது கான்டர் 1878-ல் எழுப்பிய கேள்வி. கணித மேதை ஹில்பர்ட் 1900-ல் பாரிஸில் வைத்த, தீராத கணக்குகளின் பட்டியலில் முதல் கணக்கு இதுதான். வழக்கமான கணக் கோட்பாட்டு விதிகள் முரணற்றவை என்றால், அவற்றைக் கொண்டு இதைப் பொய்யென்று காட்ட முடியாது என்று கோடெலும், மெய்யென்றும் காட்ட முடியாது என்று 1963-ல் கோஹனும் நிறுவினார்கள். ‘இயல் எண்களின் அடுக்குக் கணத்தின் (எல்லா உட்கணங்களும் சேர்ந்த கணத்தின்) அளவு’ என்று எழுது, அதில் தப்பே இல்லை.

மூன்றாவதை 5, 6 விதியோடு முழுசாகத் திரும்ப எழுதி அனுப்பு. 29 சரியாக வந்ததா என்பதையும் சொல்.

அன்புடன்,
அம்மா