செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ரேடியோ, கணினி ஆர்வலர் சங்கம், இராமநாதபுரம் கடற்கரை

தலைவர் அவர்களுக்கும், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டியிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பட்டறையில் நடந்ததை நான் சொல்கிறேன்.

இந்த ஆண்டும் நம் மேசைக்கு அதிகம் வந்தவை, கண்ணாடிக் குழல்களால் ஓடும் வால்வு ரேடியோக்கள்தான். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ். வெளியே மரப்பெட்டி பளபளவென்று இருக்கும். பின் அட்டையைக் கழற்றினால் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேசிஸ் துருவேறி, காயில் கம்பி பச்சை பூத்திருக்கும். காற்றோடு வந்து படியும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெல்லிய செம்புக் கம்பியை அரித்துவிடுகிறது. வால்வுகூடத் தேடினால் கிடைக்கிறது. நிலையங்களைப் பிரித்துக் கேட்க உதவும் ஐஎஃப் காயில் அறுந்தால் மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். பரணிலிருந்து இறக்கிய செட்டை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். பழைய பேப்பர் கண்டன்சர் (மின்தேக்கி) கசியும், மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டன்சர் காய்ந்து கிடக்கும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. அது கசிந்தால் அவுட்புட் வால்வும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். முதலில் சுத்தம் செய்யுங்கள், கண்டன்சர்களை மாற்றுங்கள், அப்புறம் சீரிஸ் பல்பு, அதாவது செட்டுக்குப் போகும் மின்வழியில் தொடராக ஒரு குண்டு பல்பு, போட்டு ஏற்றுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் சேசிஸிலேயே மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) வரலாம் என்பதால் பிளக்கைக் கழற்றாமல் கை வைக்கவே கூடாது.

கண்டன்சரை மாற்றினால் பழமை போய்விடும் என்று மூத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். பழைய உறையைக் குடைந்து, புதியதை உள்ளே வைத்து மூடுவதைக் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) செய்து காட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. ரேடியோ என்றால் அது பாட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

மாசியில் தங்கச்சிமடம் கடற்கரையில் ஒரு மாலை டிரான்சிஸ்டர்களோடு கூடினோம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த கரை இது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், மத்திய அலை (மீடியம் வேவ்) தரைமேல் போவதைவிடக் கடல்மேல் அதிக தூரம் பலத்தோடு போகும். வீட்டில் எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் எழுப்பும் இரைச்சல் கரையில் இல்லை. உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி நிலையத்துக்குக் குறுக்காக வரும்படி செட்டைத் திருப்பினால் ஒலி எப்படி ஏறுகிறது என்று பிள்ளைகளே திருப்பிப் பார்த்தார்கள். ஒரு மீனவ அண்ணன், புயல் அறிவிப்பு கேட்கத் தன் அப்பா கடலுக்கு எடுத்துப்போன டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்திருந்தார். பாட்டரி கசிந்து தகடுகள் போயிருந்தன. தகடு மாற்றினோம், பாடியது.

இனி கணினிகள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சபுராளி ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இந்த ஆண்டு நமக்குக் கிடைத்தது. 1982இல் வந்த இயந்திரம், 48 கேபி நினைவகம். விசைப்பலகைக்கு அடியிலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் தொட்டதும் நொறுங்கியதால் புதியது வாங்கிப் போட்டோம். நிரல்களைக் கேசட்டிலிருந்து ஏற்றும் டேப் ரெக்கார்டரின் பெல்ட்டும் உருகிப் பசையாகிவிட்டிருந்தது. கேசட் கீச்சிட்டுக்கொண்டே சில நிமிடம் ஓடி, ஒரு நிரல் ஏறி முடிந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பி விசையை ஒருமுறை தட்டினால் 'பிரிண்ட்' என்ற முழுக் கட்டளையும் திரையில் வருவதில் அவர்களுக்கு அத்தனை ஆனந்தம்.

பிபிசி மைக்ரோவும் ஒன்று வந்திருக்கிறது. 1984இல் தொடங்கிய மைய அரசின் பள்ளிக் கணினித் திட்டத்தில் வகுப்பறைக்கு வந்த கணினி அதுதான். அதன் பவர் சப்ளையில் உள்ள பழைய மெயின்ஸ் பில்டர் கண்டன்சர்கள் வயதானால் வெடித்துப் புகையும் என்பதால், அவற்றை மாற்றிய பிறகே சுவிட்சைப் போட்டோம். 'பீப்' என்று எழுந்தது. சிப்புகளைச் செருகும் ஐசி சாக்கெட்டுகளில் சில இன்னும் தொடர்பு விட்டு விட்டு வருகின்றன. அந்த வேலை பாக்கி.

இராமேசுவரத்தில் கடை வைத்திருந்த நம் மூத்த மெக்கானிக் ஐயா இந்த ஆண்டு மறைந்தார். அவர் கைப்பட வரைந்த சர்க்யூட் நோட்டுகளைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்து வருகிறோம். அவருக்கு இந்த அவை ஒரு நிமிடம் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, சேகரிப்பு முழுவதையும் பரமக்குடிக்கு மாற்றலாம் என்ற யோசனை. உப்புக்காற்று அங்கே குறைவு, உண்மைதான். ஆனாலும் நான் எதிர்க்கிறேன். வால்வு செட் ஓடும்போது வரும் சூடே ஈரத்தை விரட்டும். பூட்டி வைத்தால் எந்த ஊரிலும் கெடும். இங்கேயே வைத்து, ஓடாத நாளில் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுவோம். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் ஓட்டுவோம். அதற்கு முறை வைத்துப் பெயர் கொடுக்க உறுப்பினர்கள் முன்வர வேண்டும். பொதுக்குழு இதைத் தீர்மானமாக ஏற்கும்படி முன்மொழிகிறேன்.

செயலாளர்