கற்பூரம் கொளுத்தி அனுப்பிவிட்டார்கள்

தண்டையார்பேட்டை
டிசம்பர் 6

அன்புள்ள புறாவுக்கு,

எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண்தான் மங்கிவிட்டது. முறுக்கு ஆயா போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கு டீச்சரைக் கல்மண்டபம் மார்க்கெட்டில் பார்த்தேன். உன்னிடமிருந்து பதினாறாம் வாய்ப்பாடு இன்னும் பாக்கி என்றார். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு காசிமேட்டு மீனைக் குறைசொல்வதை மட்டும் நிறுத்து, அதை நான் பொறுக்க மாட்டேன்.

இதெல்லாம் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.

என் வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி. பெயரை உனக்கும் எழுத மாட்டேன், சட்டமும் எழுதவிடாது. காலையில் என் மேசைக்கு வந்து, "டீச்சர், நான் நின்றுகொண்டே எழுதட்டுமா?" என்று கேட்டாள். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள். புறா, அந்தச் "சும்மா" எனக்குத் தெரியும். எத்தனை முறை உன்னிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்! இடைவேளையில் தனியாக அழைத்துப் போய்ப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். தொடையின் பின்புறம் முழுக்க ரெட்டைக் கோடுகள். சார்ஜர் வயரை மடித்துப் பிடித்து அடித்தால் அப்படித்தான் விழும். சில கோடுகள் சிவப்பு, சில பச்சை, சில ஆறிப் பழுப்பாகிவிட்டவை. அதாவது ஒருநாள் விவகாரம் இல்லை. முந்தின இரவு அடி விழுந்ததற்குக் காரணம், குளிக்காமல் போய்ப் பூஜை விளக்கைத் தொட்டுவிட்டாளாம். அவள் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்.

தலைமையாசிரியை, "மாலை போட்டிருக்கிற வீடு. மலைக்குப் போய்வரட்டும், பிறகு பேசலாம்" என்றார். நான் கேட்கவில்லை. தாயை வரவழைத்து இருவரையும் ஒரு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை. "வாருங்கள் சாமி" என்று ஏட்டு எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். குழந்தை நின்றுகொண்டிருந்தது.

அந்த இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். "சாமி, விரதத்தில் இருக்கும்போது பிள்ளையை அடிக்கலாமா?" என்று கேட்டார். பிறகு சுவரில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் தட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்தச் சொன்னார். இனி தொட மாட்டேன் என்று அந்த ஆள் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். குழந்தையின் நெற்றியில் விபூதி பூசி, "அப்பா காலில் விழு, சாமி மன்னித்துவிடுவார்" என்றார்கள். விழுந்தாள். எழும்போது முட்டியை மடக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாம் அரை மணி நேரம். புகாரைப் பதிவுசெய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டேன். "அதான் சாமி சத்தியம் செய்துவிட்டாரே, எதற்கம்மா காகிதம்?" என்றார் எழுத்தர்.

எனக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது.

எங்கள் வீட்டு ஆணியை நினைவிருக்கிறதா? சாமி படத்துக்குக் கீழே அடித்த பெரிய ஆணி. துறைமுகத்திலிருந்து அப்பா கொண்டுவந்த கயிற்றுத் துண்டு ஒரு முழ நீளத்துக்கு அதில் தொங்கும். அந்தக் கயிற்றின் முறுக்கு அப்படியே என் முதுகில் பதியும். கார்த்திகை முதல் தேதி அப்பா மாலை போட்டதும் அம்மா கயிற்றை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். ஆணியில் இருமுடிப் பை தொங்கும். நாற்பத்தோரு நாள் வீட்டில் சத்தம் இருக்காது. அம்மாவே அப்பாவைச் "சாமி" என்று கூப்பிடுவார், அப்பாவும் என்னைச் "சாமி" என்பார். நான் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். மற்றப் பிள்ளைகள் பொங்கல் எப்போது வரும் என்று எண்ணுவார்கள், நான் மாலை கழற்றும் நாள் வராமல் இருக்க வேண்டும் என்று எண்ணுவேன். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலைக்குள் கயிறு ஆணிக்குத் திரும்பிவிடும்.

1987இல் எனக்கு ஒன்பது வயது. பத்து வயதுக்குள் இருந்ததால் என்னையும் மலைக்கு அழைத்துப் போனார். நீலிமலை ஏற்றத்தில் கால் வலிக்கிறது என்றதும் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் தலையில் இருமுடி, தோளில் நான். வியர்வையும் சந்தனமும் சேர்ந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இந்த அப்பா இப்படியே இருந்துவிட வேண்டும் என்று பதினெட்டாம் படியில் வேண்டிக்கொண்டேன். இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. திரும்பி வந்த ஒரு வாரத்தில்தான் என் கை உடைந்தது. உன் அம்மா எங்களைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் கற்பூரம், அங்கேயும் சத்தியம். "மலைக்குப் போய்வந்த மனிதர் பொய் சொல்வாரா?" என்றார்கள். உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார். அன்றிரவு உங்கள் வீட்டில், உன் பக்கத்தில் படுத்திருந்தேன்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாய், "உனக்குச் சாமி மேல் என்ன அப்படி ஒரு கோபம், எதற்கெடுத்தாலும் மதம் வேறு அரசாங்கம் வேறு என்கிறாய்" என்று. பங்குத்தந்தை பேசித்தான் உன் மாமா குடியை விட்டார் என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சாமி மேல் கோபமே இல்லை. பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போகிறேன், வடிவுடையம்மன் முன்னால் நின்றால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். உன் மாமாவைப் பங்குத்தந்தை திருத்தினார் என்றால் அவருக்குக் கோடி நன்றி. ஆனால் உன் மாமா தானாக அவரிடம் போனார். இந்தக் குழந்தை கோயிலுக்குப் போகவில்லை, அரசாங்கத்திடம் வந்தது. அரசாங்கம் அதைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டது. என் வாதம் அவ்வளவுதான்.

கோர்ட்டிலும் சத்தியம் உண்டே என்பாய். உன் வக்கீல் தம்பியிடம் கேட்டேன். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கடவுள் பெயரால் சொல்லலாம், விருப்பமில்லாதவர் உளமார உறுதி கூறலாம். எப்படிச் சொல்லிவிட்டுப் பொய் சாட்சி சொன்னாலும் 7 ஆண்டு வரை சிறை. சாமி பார்த்துக்கொள்வார் என்று கோர்ட் விட்டுவிடுவதில்லை. காவல் நிலையத்தில் கொளுத்திய கற்பூரத்துக்கு யார் ஜாமீன்? அந்தச் சுவரில் படமே இருந்திருக்கக் கூடாது. அரசு அலுவலகங்களில் இருக்கும் சாமி படங்களைப் படிப்படியாக எடுத்துவிடுங்கள் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968இல் சுற்றறிக்கை போனது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் தெரியும். யார் சாமி பெரியது என்ற சண்டைக்காக நான் இதைச் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் நாற்காலி யாருக்குப் போடப்படுகிறது, யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

மதத்தையும் அரசாங்கத்தையும் பிரிக்கும் சுவர்தான் உங்கள் பக்கத்துக்கும் காவல், புறா. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் வேறு மாதிரி முடிந்த இன்னொரு வழக்கையும் உன் தம்பி சொன்னான். அமெரிக்காவில், அதே சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தன் பொறுப்பில் வளர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளையை இரவில் தெருவில் நிறுத்தி மதப் பத்திரிகை கொடுக்கவைத்தார். அவருக்குத் தண்டனை சரிதான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1944இல் சொல்லிவிட்டது. பெரியவர்கள் தங்கள் நம்பிக்கைக்காகத் தாங்களே தியாகியாகலாம், தாமே முடிவுசெய்யும் வயது வராத பிள்ளைகளைத் தியாகியாக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒன்பது வயது! அதைக் கேட்டதும் நீலிமலையில் தோள்மேல் உட்கார்ந்திருந்த என்னைத்தான் நினைத்தேன்.

நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவே மத உரிமையைக் கொடுக்கும்போது பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் இவற்றுக்கு உட்பட்டுத்தான் கொடுக்கிறது. ஒரு குழந்தையின் தொடை உடல்நலத்தில் சேராதா? நான் வகுப்பில் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டினால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என் மேல் பாயும், பாயட்டும். வீட்டில் கொடுமை செய்பவர்களுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பெற்றவர் பிள்ளையை அடிக்கவே கூடாது என்று நேராகச் சொல்லும் ஒரு வரி நம்மிடம் இல்லை. ஸ்வீடன் 1979இலேயே எழுதிவிட்டது. இந்து ராஜ்யமாக இருந்த நேபாளம்கூட 2018இல் எழுதிவிட்டது. நாம் இன்னும் "மாதா பிதா குரு தெய்வம்" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெற்றவனைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

செவ்வாய் இரவு வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகிவிட்டது. அப்பா திண்ணையில் விழித்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். சொன்னேன். யாரையும் குத்திக் காட்டவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும்தான் சத்தியம் செய்தேன். பதினோரு நாள் தாங்கியது" என்றார்.

அவருக்கு அது நினைவிருக்கும் என்றே நான் எண்ணியதில்லை. நாளை எண்ணியது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, தோசை இருக்கிறதா என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்பாய், கேட்காதே. அவரைப் பார்த்துக்கொள்வது நானாக எடுத்த முடிவு, அதை யாரும் என்மேல் சுமத்தவில்லை. மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தேன். வந்தார்கள், குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்தினார்கள். அங்கே ஒரு பெண்மணி முதலில் குழந்தையை உட்காரச் சொன்னார், முடியாது என்று தெரிந்ததும் தலையணை கொண்டுவரச் செய்தார். காயங்களை டாக்டர் பார்த்து எழுதினார். புறா, முதல் முறையாக எழுதினார்கள். இப்போது பிள்ளை அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள், தாயும் கூடவே இருக்கிறார். தலைமையாசிரியை என்னோடு பேசுவதில்லை. ஒரு விரதக்காரரை அவமானப்படுத்திவிட்டேன் என்று தெருவில் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த அமர்வு 12ஆம் தேதி. உன் தம்பியை அன்று காலை பத்து மணிக்கு அங்கே வரச் சொல், நான் கூப்பிட்டால் ஏதாவது வழக்கு இருக்கிறது என்பான், நீ சொன்னால் மீறமாட்டான். உன் அம்மாவிடம் 1987இல் எந்த மாதம் என்னைக் கட்டுப் போட அழைத்துப் போனார் என்று கேட்டு எழுது. குழுவுக்காக இல்லை, எனக்குத் தெரிய வேண்டும்.

மதத்தைப் பற்றி நான் எழுதியதில் சண்டை போட வேண்டுமென்றால் போடு. ஆனால் எட்டு மாதம் காக்கவைக்காதே.

உன்,
வாய்ப்பாடு ஒப்பித்த தோழி