சுவரில் மாட்டியது அலங்காரத்துக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் உளவியல் திகில் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தின் இசை, கத்தி, குளியலறை என எல்லாவற்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், விடுதிச் சுவர்களில் தொங்கும் ஓவியங்களை மட்டும் 'வெறும் அலங்காரம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

விடுதியை நடத்தும் நார்மன் பேட்ஸ் ஆணியிலிருந்து கழற்றும் ஓவியம் எது? 1731இல் வில்லெம் ஃபான் மியரிஸ் வரைந்த 'சூசன்னாவும் முதியவர்களும்' ஓவியத்தின் நகல் அது. ஓவியத்தை எடுத்ததும் பின்னால் சுவர் பெயர்ந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு சிறு துளை. அதன் வழியே வரும் வெளிச்சம் அவன் கண்மேல் விழுகிறது. அந்தப் பக்கம், விடுதியில் தங்க வந்த மரியன் குளிக்க ஆயத்தமாகிறாள்.

நான் ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவள். வேதாகமத்தில் வரும் சூசன்னாவின் கதை தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை வாசகம் என்பதால் எங்களில் பலருக்கு அது புதிதல்ல. தோட்டத்தில் குளிக்க வந்த பெண்ணை ஒளிந்திருந்து பார்க்கும் இருவரும் ஊர் மதிக்கும் நீதிபதிகள். இணங்க மறுத்தவள்மேல் அவர்களே பழி சுமத்துகிறார்கள். நார்மனும் பார்வைக்குச் சாதுவான பிள்ளைதானே! ரொட்டியும் பாலும் கொண்டுவந்து உபசரிக்கிறான். ஒளிந்து பார்க்கும் ஓட்டையை ஒளிந்து பார்ப்பவர்களின் ஓவியத்தாலேயே மறைத்திருக்கிறார் ஹிட்ச்காக். இதுவா அலங்காரம்?

ஒரே ஒரு வேறுபாடுதான், அது பெரிய வேறுபாடு. வேதாகமத்தில் இளைஞன் தானியேல் குறுக்கிட்டு, இருவரையும் தனித்தனியே விசாரித்துச் சூசன்னாவைக் காப்பாற்றுகிறான். படத்தில் குளியலறையில் கொல்லப்படும் மரியனுக்கு அப்படி யாரும் வரவில்லை. பின்னால் விசாரிக்க வரும் துப்பறிவாளரும் மாடிப்படியிலேயே குத்துப்படுகிறார்.

ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இந்தக் கதையைத் தீட்டியதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வியன்னாவில் இருக்கும், இத்தாலிய ஓவியர் தின்தொரெத்தோவின் ஓவியத்தில் முதியவர் ஒருவர் செடிவேலியின் ஓரத்தில் தரையோடு தரையாகத் தலையை நீட்டுகிறார். அங்கிருந்து அவருக்கு என்ன தெரியுமோ! முன்னால் நிற்கும் நமக்கோ சூசன்னா முழுதாகத் தெரிகிறாள். 1610இல், பதினேழு வயதில், ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் வரைந்த சூசன்னா அப்படி இல்லை. கல் மதிலுக்கு மேலிருந்து குனிந்து கிசுகிசுக்கும் இருவருக்கும் கீழே, உடலை முறுக்கி, கையால் தடுத்து, முகம் சுளிக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நின்று ரசித்துக்கொண்டிருக்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஹிட்ச்காக் தின்தொரெத்தோ பக்கமா, ஆர்த்தெமிசியா பக்கமா என்று என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் என்பேன். நார்மனின் துளை வழியே முதலில் நம்மையும் பார்க்க வைக்கிறார். உடனே அவன் கண்ணை மட்டும் திரை நிறையக் காட்டிவிடுகிறார். நாம் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. (குன்றின்மேல் நிற்கும் அந்த வீட்டுக்கு எட்வர்ட் ஹாப்பரின் 1925ஆம் ஆண்டு ஓவியம் முன்மாதிரி என்பார்கள். அதையும் கட்டுரை தொடவில்லை. அது வேறு கதை.)

இவ்வளவும் என் கற்பனை என்று கட்டுரையாளர் நினைத்தால், படத்தின் முன்னோட்டத்தைப் பார்க்கட்டும். அதில் ஹிட்ச்காக்கே விடுதியைச் சுற்றிக் காட்டுகிறார். இந்த ஓவியத்தின் முன் நின்று, இதற்குப் பெரிய முக்கியத்துவம் உண்டு என்று தொடங்கி, காரணத்தைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

தமிழ்த் திகில் படங்களிலும் பணக்காரர் வீட்டுக் கூடத்தில் ரவி வர்மா படங்கள் தொங்குவதைப் பார்க்கிறோம். அவை காரணத்தோடு மாட்டப்படுகின்றனவா, கலை இயக்குநரின் கைக்குக் கிடைத்தவையா? அடுத்த கட்டுரையில் அதை எழுதச் சொல்லுங்கள். முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
வாசகி, தோ பாயோ