பெட்டி ஏன் வரவில்லை

சேலம்,
ஞாயிறு காலை

கண்ணு,

அந்தமானில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமான நிலைய வேலையில், "பெட்டி வரலைன்னு தினமும் யாராச்சும் கத்துறாங்க, யார் தப்புன்னே தெரியல" என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் யார் தப்பும் இல்லை. கணக்கைச் சொல்கிறேன்.

நம்ம சேலத்துக் காமலாபுரம் விமான நிலையத்தில் மூடுபனியால் ஏடிஆர் என்ற சின்ன விமானம் இறங்க முடியாவிட்டால் கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஒதுங்க இடம் உண்டு. போர்ட் பிளேரில் சுற்றிலும் கடல்தான். 1,300 கி.மீ.க்கு மேல் பறந்து வந்தபின் முடியாது என்றால், வந்த வழியே சென்னைக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே வரும் ஏ320 விமானம் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் எண்ணெய் குடிக்கும். திரும்ப இரண்டு மணி நேரம், ஆக 5 டன். அதற்கு மேல் 30 நிமிடத்துக்கான கையிருப்பு. அதில் கை வைக்கக் கூடாது.

ஒழுங்காக வந்து இறங்கினால் இத்தனையும் செலவாகாமல் தொட்டியிலேயே கிடக்கும். அதனால் எடை இடிப்பது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. ஏ320 இறங்க வரம்பு சுமார் 66 டன். அந்த 5 டன் என்பது 15 கிலோ பெட்டியாக 333! சீட்டெல்லாம் நிரம்பி, மழைக்கென்று இன்னும் கொஞ்சம் எண்ணெயும் ஊற்றிய நாளில் சென்னையிலேயே சில பெட்டிகளை இறக்கிவிடுவார்கள். எவை என்று செய்தி வந்ததும், பெல்ட் ஓடுமுன்னே அந்தப் பயணிகளைத் தேடிச் சொல்லிவிடு. பெல்ட் நின்றபின் சொன்னால்தான் சண்டை.

போர்ட் பிளேர் விமானத்தளம் முதலில் பயணிகளுக்காகப் போட்டதல்ல. 1942 மார்ச்சில் தீவைப் பிடித்த ஜப்பானியர், ஊர்ச்சனங்களைக் கட்டாய வேலை வாங்கி அங்கே லம்பாலைன் என்ற இடத்தில் போட்டது. 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி வந்திறங்கியதும் போர்ட் பிளேரில்தான். இன்று ஓடுதளம் 3,290 மீட்டர், நம்முடையது 1,806. நீளம் இருந்தும் ஒரு முனையில் மேடு. ஒரு பக்கமாக இறங்கி எதிர்ப்பக்கமாக ஏறுகிறார்கள், ஆகவே ஓடுதளத்தோடு அடிக்கும் காற்று இரண்டில் ஒன்றுக்குப் பின்காற்றாகிவிடும். அந்தப் பின்காற்றின் வேகம் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) தாண்டினால் தாமதம்தான். ஓடுதளம் கடற்படையின் உத்குரோஷ் தளத்தைச் சேர்ந்தது. ஏப்ரனில், அதாவது விமானங்கள் நிற்கும் இடத்தில், போனை எடுத்துப் படம் பிடிக்காதே.

அடுத்தது உப்பு. நம்ம ஏற்காட்டு பாக்சைட் தாதுவிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்களே, அதே அலுமினியம்தான் விமானத்தின் தோல். உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும்; எஃகுத் திருகு தொடும் இடத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். கடற்காற்றைவிட மோசம், சரக்கறையில் ஒழுகும் மீன் பெட்டி. தெர்மோகோல் பெட்டியின் மூடியை டேப் சுற்றினால் போதாது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையில் மீனைக் கட்டியிருக்க வேண்டும். சாய்த்துப் பார், ஒரு சொட்டு வந்தாலும் ஏற்றாதே. ஏற்கெனவே ஒழுகியிருந்தால் மறைக்காமல் இன்ஜினியரிடம் சொல். நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது அரை மணி வேலை. விட்டால் தரைத்தகடே போய்விடும்.

கடிகாரம் நமக்கும் உனக்கும் ஒன்றுதான், சூரியன்தான் அங்கே ஒரு மணி நேரம் முந்துகிறது. ஐந்து மணிக்கே வெளிச்சம், காலையிலேயே விமானங்கள் அடுத்தடுத்து வரும். இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடு.

அம்மா தட்டுவடையும் எள்ளுருண்டையும் கட்டி வைத்திருக்கிறாள். மூன்று கிலோ. பக்கத்துத் தெருப் பையன் வரும்போது கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெட்டியில் வேண்டாம்.

அப்பா